கே-பாப் ரசிகர்களின் சம்பளமில்லா வேலை: வசன வரி எழுதுவது யார், லாபம் யாருக்கு?

தென் கொரியாவில் ஒரு பாடகர் முன்னறிவிப்பே இல்லாமல் போனை எடுத்து நேரலைக்கு வருகிறார். நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே அரை மணி நேரம் பேசிவிட்டு, ‘சரி, தூங்கப் போறேன்’ என்று கிளம்பிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சின் சாரம் ஆங்கிலம், ஸ்பானிஷ், இந்தோனேசியன் என்று பல மொழிகளில் வலம் வர ஆரம்பிக்கிறது. அவர் யாரைக் கிண்டல் செய்தார், அடுத்த ஆல்பம் பற்றி என்ன சொன்னார் என்பதெல்லாம் பிரேசிலில் இருக்கும் ரசிகைக்கும் தெரிந்துவிடுகிறது.

இதைச் செய்வது நிறுவனத்தின் மொழிபெயர்ப்புத் துறை என்று நினைத்தால் அது தவறு. பெரும்பாலும், காலேஜ் அசைன்மென்ட்டை ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்த யாரோ ஒரு ரசிகர்தான் செய்கிறார். அதற்குச் சம்பளம் கிடையாது. பல நேரங்களில் அவர் பெயர்கூட வெளியே தெரியாது.

கே-பாப் உலகம் முழுக்கப் பரவியதற்குப் பாட்டு, நடனம், விளம்பரம் எல்லாம் காரணம்தான். ஆனால், கொரிய மொழியே தெரியாத கோடிக்கணக்கானவர்களை அந்தப் பாடகர்களோடு ஒட்ட வைத்தது இந்தத் தன்னார்வலர்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள், அந்த உழைப்பால் யாருக்கு லாபம்?

என்னென்ன வேலைகள்?

மொழிபெயர்ப்பு அதில் ஒன்றுதான். புதுப் பாட்டு வரும் நாளில் எந்தத் தளத்தில் கேட்டால் எந்தத் தரவரிசையில் கணக்கில் சேரும் என்று விளக்கும் குழுக்கள் தனியாக இருக்கின்றன. பழைய பேட்டி, நிகழ்ச்சி, புகைப்படங்களைத் தேதி வாரியாகச் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்கார்டு, டெலிகிராம் குழுக்களில் சண்டையை விலக்கி, ஆபாசப் பதிவுகளை நீக்கி, ராத்திரி பகலாகக் காவல் காப்பவர்கள் இருக்கிறார்கள். நிதி திரட்டும் குழுக்களும் உண்டு.

பாடகர்களைப் பற்றிய அவதூறுகளைத் தேடிப் பிடித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புவதும் ரசிகர்கள் செய்யும் வேலைதான். பிடிஎஸ் குழுவின் நிறுவனமான பிக்ஹிட் மியூசிக், இப்படிப் புகார் அனுப்பச் சொல்லி ரசிகர்களிடமே வெளிப்படையாகக் கேட்கிறது. அப்படித் திரட்டியவற்றை வைத்துச் சட்ட நடவடிக்கையும் எடுக்கிறது. அலுவலகத்தில் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை ரசிகர்கள் வீட்டில் இருந்தே முடித்துக் கொடுக்கிறார்கள்.

ஒரு வசன வரி எப்படித் தயாராகிறது?

பார்க்கும் நமக்கு அது திரையின் கீழே ஓடும் ரெண்டு வரி. அதற்குப் பின்னால் ஒரு சிறிய தொழிற்சாலையே இருக்கிறது. முதலில் ஒருவர் வீடியோவைக் கேட்டு, யார் எந்த நொடியில் பேச ஆரம்பிக்கிறார், எப்போது முடிக்கிறார் என்று நேரம் குறிக்கிறார். இதற்கு ஏஜிசப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அடுத்தவர் மொழிபெயர்க்கிறார். மூன்றாமவர் வாக்கியத்தைச் சுருக்கித் திருத்துகிறார். கடைசியாக ஒருவர் முழுதாகப் பார்த்துச் சரிபார்க்கிறார். ஏழு பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும் நிகழ்ச்சி என்றால், ஒரு நிமிட வீடியோவுக்கே தாவு தீர்ந்துவிடும்.

விக்கி என்ற வீடியோ தளம் இந்த முறையையே தன் அடிப்படையாக வைத்து வளர்ந்தது. கொரிய நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் தன்னார்வலர்கள் பல மொழிகளில் வசன வரி எழுதுகிறார்கள். வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரிப்பவர், மொழிபெயர்ப்பவர், மேற்பார்வையாளர் என்று பொறுப்புகளும் உண்டு. அதிகம் பங்களித்தவர்களுக்குக் கிடைப்பது இலவசச் சந்தா. சம்பளம் இல்லை. அந்தத் தளத்தை 2013ல் ஜப்பானின் ரகுடென் நிறுவனம் வாங்கியது. விலை சுமார் 20 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன.

தமிழருக்குப் புரியும் ஒரு சிக்கல்

கொரிய மொழியில் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். நம்ம ஊர் ‘வா’, ‘வாங்க’ மாதிரி அங்கேயும் மரியாதைப் பேச்சு வேறு, நட்புப் பேச்சு வேறு. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது கஷ்டம். குழுவின் ‘மக்னே’ என்றால் ஆங்கிலத்தில் விளக்கம் தேவைப்படும். தமிழில் ‘கடைக்குட்டி’ என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அம்மாவைக் கொரியர்கள் ‘ஒம்மா’ என்றும், அப்பாவை ‘அப்பா’ என்றுமே கூப்பிடுகிறார்கள் என்பது இங்கே பல ரசிகர்களுக்குத் தெரிந்த கதைதான்.

ஆனால், தமிழுக்கும் சவால் இல்லாமல் இல்லை. அண்ணனை ஆண் கூப்பிட்டால் ‘ஹியங்’, பெண் கூப்பிட்டால் ‘ஒப்பா’. அக்காவுக்கும் அதேபோல ‘நூனா’, ‘ஒன்னி’ என்று ரெண்டு வார்த்தை. தமிழில் யார் கூப்பிட்டாலும் அண்ணன் அண்ணன்தான். தம்பிக்கும் தங்கைக்கும் கொரிய மொழியில் பொதுவாக ‘தொங்செங்’ என்ற ஒரே வார்த்தை இருக்கிறது. அதைவிடப் பெரிய தலைவலி வினைச்சொல். கொரிய மொழியில் ‘காஸ்ஸோ’ என்றால் ‘போனது’ மட்டும் தெரியும். போனது நானா, அவனா, அவளா என்று அந்தச் சொல் சொல்லாது. போனேன், போனான், போனாள் ஆகியவற்றில் எதை எழுதுவது என்று மொழிபெயர்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். தப்பாக முடிவு செய்தால், ஒரு பாடகர் தன்னைப் பற்றிச் சொன்னது வேறொருவரைப் பற்றிச் சொன்னதாகிவிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் இணையத்தில் சண்டை.

அதனால்தான் அனுபவமுள்ள ரசிக மொழிபெயர்ப்பாளர்கள் வெறும் வரியோடு நிறுத்துவதில்லை. ‘இங்கே அவர் மரியாதைப் பேச்சில் இருந்து சட்டென்று மாறுகிறார், அதுதான் ஜோக்’ என்று சின்னக் குறிப்பும் சேர்க்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு வேகமாக வளர்ந்த பிறகும் இவர்களைத் தேடி ரசிகர்கள் வருவதற்கு இந்தக் குறிப்புகளே காரணம்.

பாட்டைத் தாண்டி

கொரியாவில் கச்சேரி நடக்கும்போது, அரங்க வாசலில் வைக்கும் வாழ்த்துப் பூ அலங்காரத்துக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை ரசிகர்கள் அனுப்பும் பழக்கம் பல வருடங்களாக இருக்கிறது. பாடகர் பெயரில் அந்த அரிசி ஏழைகளுக்குப் போகும். இப்போது அதே எண்ணம் இணையத்தில் பெரிதாகிவிட்டது.

2020 ஜூனில், அமெரிக்காவில் இனவெறிக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிடிஎஸ் குழுவும் அதன் நிறுவனமும் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ அமைப்புக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தன. செய்தி வெளியானதும், அதே தொகையை நாமும் சேர்ப்போம் என்று ரசிகர்கள் இறங்கினார்கள். ஏறத்தாழ ஒரே நாளில் 10 லட்சம் டாலர் சேர்ந்தது. அதை ஒருங்கிணைத்தது 2018ல் தொடங்கிய ‘ஒன் இன் அன் ஆர்மி’ என்ற தன்னார்வக் குழு. ‘ஆளுக்குக் கொஞ்சம், ஆனால் ஆயிரக்கணக்கில் ஆட்கள்’ என்பதுதான் அதன் வழி.

2021ல் இந்தோனேசிய ரசிகை ஒருவரும் கொரிய ரசிகை ஒருவரும் சேர்ந்து ‘கேபாப் ஃபார் பிளானட்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். கேட்காமலே குவியும் ஆல்பம் சிடிக்களின் பிளாஸ்டிக் குப்பை பற்றிப் பொழுதுபோக்கு நிறுவனங்களிடமே கேள்வி கேட்கிறது இந்த இயக்கம். ஒருவகையில், ரசிகர்கள் தாங்கள் நேசிக்கும் துறையையே தட்டிக் கேட்பது இது.

லாபம் யாருக்கு?

2020 அக்டோபரில் பிக்ஹிட் நிறுவனம் கொரியப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 1,35,000 வோன் என்ற விலையில் நுழைந்தது. பிறகு பெயரை ஹைப் என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில், பிடிஎஸ் குழுவின் ‘லைஃப் கோஸ் ஆன்’ பாடல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நேரடியாக முதலிடத்தில் நுழைந்தது. பெரும்பாலும் கொரிய மொழியில் அமைந்த ஒரு பாடல் அப்படி நுழைந்தது அதுவே முதல்முறை. மொழி தெரியாத ஊரில் ஒரு பாட்டு முதலிடம் பிடிக்கிறது என்றால், அதன் அர்த்தத்தை யாரோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

ரசிகர்களின் இலவச உழைப்பு பற்றி ஊடக ஆய்வாளர்கள் ரொம்ப நாளாகவே பேசுகிறார்கள். இத்தாலிய ஆய்வாளர் டிசியானா டெரனோவா 2000ல் எழுதிய ‘ஃப்ரீ லேபர்’ கட்டுரை இதில் முக்கியமானது. மனமுவந்து, மகிழ்ச்சியோடு கொடுக்கப்படும் உழைப்பும் சுரண்டப்படலாம், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது அதன் சாரம்.

அதற்கு உதாரணமும் உண்டு. 1990களில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் அரட்டை அறைகளைக் கவனிக்க ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. கைம்மாறு, இணையக் கட்டணத்தில் சலுகை. ஆனால் ஷிஃப்ட் போட்டு, அறிக்கை கேட்டு, ஊழியர் மாதிரியே நடத்துகிறார்கள் என்று 1999ல் அவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். பத்து வருடங்களுக்கு மேல் இழுத்த வழக்கு, 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. விருப்பப்பட்டுச் செய்வது எங்கே முடிகிறது, வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

ஒரே பட்டனில் காணாமல் போகும்

பணத்தைவிட ரசிகர்களை அதிகம் வலிக்க வைக்கும் விஷயம் வேறு. தங்கள் உழைப்பு எங்கே தங்கும் என்பது அவர்கள் கையில் இல்லை.

யூடியூபில் யார் வேண்டுமானாலும் ஒரு சேனலுக்கு வசன வரி எழுதித் தரும் வசதி இருந்தது. பயன்பாடு குறைவு, ஸ்பேம் அதிகம் என்று காரணம் சொல்லி 2020 செப்டம்பர் 28 அன்று அந்த வசதி நிறுத்தப்பட்டது. கே-பாப் ரசிகர்கள் மட்டுமல்ல, காது கேளாதவர்களும் எதிர்த்தார்கள். முடிவு மாறவில்லை.

அடுத்தது வி லைவ். கொரியாவின் நேவர் நிறுவனம் 2015ல் தொடங்கிய இந்த நேரலைத் தளத்தில், பல மொழிகளில் வசன வரி எழுத ரசிகர்களுக்கே வசதி செய்து தரப்பட்டது. 2022 டிசம்பர் 31 அன்று தளம் மூடப்பட்டது. வீவர்ஸ் தளத்துக்கு மாறிய குழுக்களின் வீடியோக்கள் அங்கே போயின. மாறாத குழுக்களின் ரசிகர்கள், மூடுவதற்குள் கிடைத்ததை எல்லாம் டவுன்லோடு செய்து காப்பாற்ற ஓடினார்கள். அந்தச் சேமிப்பு வேலைக்கும் சம்பளம் இல்லை.

சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே சொந்தம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நிறுவனங்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் ரசிக மொழிபெயர்ப்பு நடக்கிறது. நாளைக்கே ‘நீக்கு’ என்று சொன்னால் நீக்கத்தான் வேண்டும்.

அப்புறம் ஏன் செய்கிறார்கள்?

சிலருக்கு மொழிப் பயிற்சி. சிலருக்கு எடிட்டிங், டிசைன், டேட்டா வேலை கைவருகிறது. பின்னாளில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஒரு தொகுப்பு கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் எளிமையானது: தனக்குப் புரிந்த சந்தோஷம் புரியாதவருக்கும் போய்ச் சேர வேண்டும். ‘உங்க வசன வரியாலதான் எனக்குப் புரிஞ்சது’ என்று தெரியாத ஊரில் இருந்து வரும் ஒரு மெசேஜ் கொடுக்கும் நிறைவு நிஜமானது. அதைச் சுரண்டல் என்ற ஒற்றை வார்த்தையில் அடைக்க முடியாது.

அதே நிறைவுதான் ‘முடியாது’ என்று சொல்லவிடாமலும் செய்கிறது. நேரலை எப்போது வரும் என்று தெரியாததால் தூக்கம் கெடுகிறது. ‘ஏன் இன்னும் போடல?’ என்று கேட்பவர்களும், ஒரு சொல் பிசகினால் திட்டுபவர்களும் வருகிறார்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த பல மொழிபெயர்ப்புக் கணக்குகள் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோவதற்கு இதுவும் காரணம்.

சேர நினைத்தால்...

ஆர்வம் இருந்தால் தாராளமாகச் சேரலாம். அதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்று, நேரம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பரீட்சை நேரத்தில் விலகி இருக்க அனுமதிக்காத குழு நல்ல குழு அல்ல.

இரண்டு, பெயர். செய்த வேலைக்கு உங்கள் புனைபெயராவது குறிப்பிடப்படுமா? வேலையின் ஒரு நகல் உங்களிடமும் இருக்க வேண்டும். தளம் மூடினாலும் அது மிஞ்சும்.

மூன்று, பணம். ஆல்பம் கூட்டாக வாங்கவோ நன்கொடைக்கோ யாராவது தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் உஷார். நன்கொடை என்றால் தொண்டு நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் நேரடியாகச் செலுத்தும் குழுவே பாதுகாப்பானது. மற்றவர் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டாம்.

நான்கு, பாதுகாப்பு. இந்தக் குழுக்களில் பள்ளி மாணவிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர், பள்ளி, போன் எண் கேட்கும் ‘அட்மின்’ யாராக இருந்தாலும் பதில் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒருவருக்காவது இந்த வேலை பற்றித் தெரிந்திருக்கட்டும். ‘எந்நேரமும் போனா?’ என்று திட்டும் பெற்றோரும், பிள்ளை அதில் என்ன செய்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அங்கே ஒரு மொழியையே கற்றுக்கொண்டிருக்கலாம்.

2020ல் பிக்ஹிட் நிறுவனம் ‘லேர்ன் கொரியன் வித் பிடிஎஸ்’ என்று மொழிப் பாடத்தையே வெளியிட்டது. ரசிகர்களுக்கு மொழி எவ்வளவு முக்கியம் என்பது நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. அந்த மொழியைச் சம்பளம் வாங்காமல் உலகத்துக்குக் கொண்டுசேர்த்தவர்களுக்கு என்ன மரியாதை, என்ன பங்கு என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. அதுவரைக்கும், அடுத்த முறை வசன வரி போட்ட வீடியோவைப் பார்த்துச் சிரிக்கும்போது, கடைசியில் ஒரு நொடி வந்து மறையும் பெயர்களையும் வாசித்துவிட்டுப் போகலாம்.