எலும்பு கரைவதைச் சிறுநீர் காட்டுமா?

கேமரன் மலையில் கியா பார்ம் சந்தையிலிருந்து சுங்கை பாலாஸ் பக்கம் ஏறினால் தேயிலைச் சரிவுகள். அங்கே முதுகில் கூடையோடு கொழுந்து பறித்த பெண்கள் பலர் இப்போது பாட்டிகள். கூன் விழுந்தால் "தோட்டத்துல உழைச்ச உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கூன் பல நேரம் முதுகெலும்பு நொறுங்கியதன் அடையாளம். எலும்பு அடர்த்தி குறையும் நோய் தானாக வலிப்பதில்லை. மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதுதான் வெளியே தெரிகிறது. முட்டிவலி வேறு, அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு எலும்பு இழப்பு வேகமெடுக்கிறது. மலேசிய ஆய்வுகளில் சீனப் பெண்களைவிட மலாய், இந்தியப் பெண்களுக்கே எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. மூடுபனியும் நீளக் கைச் சட்டையும் சேர்ந்து வெயிலை மறைக்கும் மலையில் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது.

சிறுநீரில் வருவது என்ன?

எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாகக் கட்டப்படுகிறது. அதிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு கொலாஜன். பழைய எலும்பு கரையும்போது கொலாஜன் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து சிறுநீர் வழியே வெளியேறும். என்டிஎக்ஸ், டிபிடி எனப்படும் பரிசோதனைகள் அளப்பது இவற்றைத்தான். முன்பு ஹைட்ராக்ஸிபுரோலின் என்பதை அளந்தார்கள். அதில் ஒரு தொல்லை: உணவிலிருக்கும் கொலாஜனும் கணக்கில் ஏறிவிடும். முந்தின நாள் ஆட்டுக்கால் சூப் குடித்தவர் பாடு திண்டாட்டம்தான்! அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் எயர் குழுவினர் உருவாக்கிய என்டிஎக்ஸ் பரிசோதனை 1990களில் புழக்கத்துக்கு வந்தபின் அந்தக் குழப்பம் பெரிதும் தீர்ந்தது.

வேகம் தெரியும், இருப்பு தெரியாது

மழைக்குப் பின் ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்கு வரும் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால், மேலே சரிவு அரிக்கப்படுகிறது என்று புரியும். மேலே எவ்வளவு மண் மிச்சம் என்பதை அந்தத் தண்ணீர் சொல்லாது. சிறுநீர்ப் பரிசோதனையும் இப்படித்தான். அதை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அதற்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் அதில் டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்குக் கீழே போனால் நோய் என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவு.

அப்படியானால் சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு? மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க. அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரை தொடங்கினால் ஸ்கேனில் மாற்றம் தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகும். சிறுநீரில் மூன்று மாதத்திலேயே இறக்கம் தெரியும். வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரை அது. பாதியில் நிறுத்துவோர் நிறைய. அளவு இறங்காவிட்டால் மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

மாதிரி கொடுக்கும்போது

எலும்பு கரைவது இரவிலும் விடியற்காலையிலும் அதிகம். அதனால் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடிப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் கொடுங்கள். அண்மையில் எலும்பு முறிந்திருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சொல்லிவிடுங்கள், முடிவு தவறாக வரக்கூடும். இப்போது பல மருத்துவர்கள் ரத்தத்தில் பார்க்கும் சிடிஎக்ஸ் பரிசோதனையையே விரும்புகிறார்கள்.

செலவில்லாத ஒரு கணக்கு

மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கென 2001இல் வெளியான ஒரு கணக்கு உண்டு. எடையிலிருந்து (கிலோ) வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும். 70 வயது, 45 கிலோ என்றால் −5. விடை −4க்கும் கீழே போனால் ஆபத்து அதிகம். இன்றே வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் போட்டுப் பாருங்கள். விடை அப்படி வந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.