ஆழம் அறிந்து இறங்குவோம்

தண்ணீரைப் பற்றித் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு, ஏரி, குளம், குட்டை, ஊருணி, கேணி என்று நீர்நிலைதோறும் தனிப்பெயர் வைத்தவர்கள் நாம். கொற்கைக் கடலில் மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். ஆனால் நம் பல்கலைக் கழகத் தமிழ் மாணவர்களை ஓரிடத்தில் கூட்டி, “நீந்தத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள்” என்று கேட்டால், எத்தனை கைகள் உயரும்? இருபத்திரண்டு வயது வரை உயராத கைகளுள் என் கையும் ஒன்று.

அந்நிலையை மாற்றியவர்கள் இருவர். ஒருவர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் பெரியவர். மற்றவர் மலாவி நாட்டிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்த மாணவர். முதலாமவர் என் உயிரைக் காத்தார். இரண்டாமவர் தண்ணீரைப் புரிந்துகொள்ள வைத்தார்.

ஒகேனக்கல்லுக்கு நண்பர்கள் ஐவர் சென்றிருந்தோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு காவிரியில் குளிக்க இறங்கினேன். முழங்காலளவு நீர்தானே என்று இரண்டடி எடுத்துவைத்தேன். மூன்றாம் அடிக்குத் தரை இல்லை. கரையில் நின்ற நால்வருக்கும் நீந்தத் தெரியாது. அவர்களுள் ஒருவன் என்னைக் காக்கக் குதிக்கவே முனைந்தான்; குதித்திருந்தால் இழப்பு இரண்டாகியிருக்கும். அருகிலிருந்த பரிசல்காரர் குதிக்கவில்லை, கூச்சலிடவும் இல்லை. துடுப்பை நீட்டினார். பற்றிக்கொண்டேன். கரையேறியபின், “ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, தம்பி?” என்று கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பலமுறை கேட்ட பழமொழிதான். அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

மீன் கடையில் ஒரு பாடம்

நான் தங்கியிருப்பது ஈஜிபுராவில். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம். மலாவி நண்பரும் அடுத்த தெருவில் அறை எடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மீன் வாங்கச் சென்றோம். தட்டில் கிடந்த ஜிலேபிக் கெண்டையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “இது எங்கள் ஊர் மீனின் உறவு! இதன் இனத்தைத்தான் நாங்கள் சம்போ என்று உண்கிறோம்” என்றார்.

நம்ப முடியாமல் நூல்களைப் புரட்டினேன். அவர் சொன்னது உண்மை. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நம் குளங்களில் பெருகி, நாட்டு மீன்களை நெருக்கித் தள்ளும் அளவுக்கு வளர்ந்தது. முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும் இம்மீன் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பேரூர் என்று சொல்லத்தக்கது மலாவி ஏரி.

நண்பர் அவ்வேரிக் கரையில் பிறந்தவர். படிக்க வருமுன் கரையோர விடுதி ஒன்றில் படகு உதவியாளராக வேலை பார்த்தவர். பல நாட்டவரும் அங்கு வந்து தங்கி, படகு வலிப்பர். முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்மேல் மிதந்தபடி மீன்களைக் காண்பர். காற்றுருளையை முதுகில் கட்டி நீருள் மூழ்குவர். “ஏரியில் மூழ்குவதா? சேற்றைத் தவிர என்ன தெரியும்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

கடல் போன்ற ஏரி

நம் ஏரி, மனிதர் கரை கட்டி மழைநீரைத் தேக்கியது. மலாவி ஏரியோ நிலம் பிளந்து தாழ்ந்ததால் உண்டானது. நீளம் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 29,600 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மிகு ஆழம் ஏறத்தாழ 700 மீட்டர். ஏரியின் மேற்பரப்பு கடல் மட்டத்திற்கு 470 மீட்டர் உயரத்தில் இருந்தும், அடித்தளம் கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது! மலாவி, மொசாம்பிக், தான்சானியா என்னும் மூன்று நாடுகள் அதன் கரையில் உள்ளன. தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் கடல்போலவே அலை எழும். 1859-இல் லிவிங்ஸ்டன் அங்குச் சென்றார். கரைவாழ் மக்களோ அதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே அதில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள்.

நீர் வெதுவெதுப்பானது, தெளிவானது. கரையோரப் பாறைகளில் படர்ந்த பாசியை மேய்ந்து, நீலமும் மஞ்சளுமாக மீன்கள் திரிகின்றன. பல நூறு சிக்லிட் இனங்கள் அங்கு உண்டு. அவற்றுள் மிகப் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஒரு பாறைத் தொகுதியில் வாழும் மீன் அடுத்த பாறைத் தொகுதிக்குப் போவது அரிது. இடையிலுள்ள மணல்வெளி அதற்கு எல்லை. தீவுதோறும் தனி இனம் உருவானதற்கு இதுவும் ஒரு காரணம். இதனாலேயே கேப் மக்லியர்ப் பகுதி 1980-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

மூச்சின் கணக்கு

நண்பரின் பேச்சு என் அச்சத்தைப் போக்கவில்லை, ஆசையை மூட்டிற்று. முதலில் நீச்சற் குளம் ஒன்றில் சேர்ந்தேன். எட்டு வயதுச் சிறுவர்கள் என்னைக் கடந்து நீந்திச் சென்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். மூன்று மாதத்தில் நீந்தக் கற்றேன். அதன்பின், பெங்களூரிலேயே குளத்தில் வைத்துச் சொல்லித்தரும் ஸ்கூபாப் பயிற்சியில் சேர்ந்தேன்.

ஸ்கூபா என்பது, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் தன்னிறைவுக் கருவி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆன பெயர். காற்றுருளையில் இருப்பது வெறும் உயிர்வளி என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, பொதுவாக நாம் சுவாசிக்கும் காற்றைத்தான் மிகுந்த அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்தை அப்படியே நுரையீரல் தாங்காது. ஆகவே இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவில் காற்றைத் தரும் சீராக்கி ஒன்று வேண்டும். 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவர் அத்தகைய கருவியைச் செம்மைப்படுத்திச் சோதித்தனர். இன்றைய கருவிகளுக்கு அதுவே முன்னோடி.

இங்கே நாம் பள்ளியில் படித்த பாயில் விதி வருகிறது. தேர்வோடு மறந்துவிட்ட அவ்விதி நீருக்கடியில் உயிர்க் கணக்காகிறது. ஏறத்தாழ பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கடல் மட்டத்தில் உள்ள நீரில் பத்து மீட்டர் ஆழத்தில் ஒருவன் நுரையீரல் நிறையக் காற்றிழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வருவதாகக் கொள்வோம். மேலே வருவதற்குள் அக்காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் என்ன ஆகும்? ஊதிய பலூனை மேலும் ஊதினால் என்ன ஆகுமோ அதுதான். ஆழம் குறைந்த நீச்சற் குளத்திலும் இவ்விபத்து நேரக்கூடும்.

ஆகவே முதல் விதி: கருவியோடு மூழ்குபவர் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. முத்துக் குளித்தவரின் கலை இதற்கு நேர்மாறானது. அவர் மேற்பரப்பில் இழுத்த மூச்சோடு இறங்கினார். அது ஆழத்தில் சுருங்கி, மேலேறும்போது பழைய அளவுக்கே திரும்பியது. நாமோ ஆழத்திலேயே மூச்சு இழுக்கிறோம்.

இரண்டாம் விதி: மெல்ல ஏறுதல். அழுத்தத்தில் நம் குருதியிலும் தசையிலும் நைட்ரஜன் கரைகிறது. விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழிகளாகும். நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாமலும், ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கியும் வருவது நல்ல பழக்கம். மூன்றாம் விதி: தனியே மூழ்காமை.

என் முதல் நாளில் நடந்த வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நீருள் ஆசிரியர், “நலமா?” என்று சைகையால் கேட்டார். நான் மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்தினேன். உடனே என்னை மேலே அழைத்துச் சென்றுவிட்டார். மீண்டும் இறங்கினோம், மீண்டும் கேட்டார், மீண்டும் கட்டைவிரல், மீண்டும் மேலே! மூழ்குவோர் மொழியில் உயர்ந்த கட்டைவிரலுக்கு “மேலே போவோம்” என்று பொருள். நலம் என்பதற்கு விரல்நுனி இரண்டையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். நீருக்கு அதன் மொழி உண்டு. நம் மொழியை அது கற்றுக்கொள்ளாது.

நன்னீரின் இயல்பும் மேட்டு நிலத்தின் எச்சரிக்கையும்

ஏரியில் மூழ்குவது கடலில் மூழ்குவதன்று. உப்பு நீர் கனமானது. நம்மை மிகுதியாகத் தாங்கும். கருவிகளோடு சேர்த்து எண்பது லிட்டர் நீரை விலக்கும் ஒருவரை நன்னீர் 80 கிலோ அளவுக்குத் தாங்கினால், கடல்நீர் ஏறத்தாழ 82 கிலோ அளவுக்குத் தாங்கும். கடலில் கட்டும் ஈய எடையை அப்படியே கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினால் அந்த இரண்டு கிலோ நம்மைக் கீழே இழுக்கும்.

உயரமும் கணக்கில் சேரும். முந்நூறு மீட்டர் உயரத்துக்கு மேலுள்ள நீர்நிலைகளில் மூழ்குவோர்க்குத் தனி அட்டவணை தேவை. மலாவி ஏரியும் அவ்வகையே. பெங்களூரோ ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குக் காற்றழுத்தம் கடலோரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. இது நமக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. நம் மாணவர் சிலர் புதுச்சேரிக்கோ முருதேசுவரத்துக்கு அருகிலுள்ள நேத்ராணித் தீவுக்கோ சென்று மூழ்கிவிட்டு, அன்றிரவே பேருந்தேறிப் பெங்களூர் திரும்புகிறார்கள். விமானம் ஏறுமுன் பன்னிரண்டு மணி நேரம் முதல் பதினெட்டு மணி நேரம் வரை பொறுக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவர். மலைப்பாதையில் ஏறும் பேருந்தும் மேலேறும் ஊர்திதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைப் பயிற்றுநரிடம் கேட்டறிந்து புறப்படுவதே அறிவுடைமை.

தெளிந்த நீரிலும் தீங்கு உண்டு என்பதை நண்பர் மறைக்கவில்லை. மலாவி ஏரியின் சில கரைகளில் பில்ஹார்சியா என்னும் நோயின் புழு உண்டு. மனிதக் கழிவு நீரில் கலக்க, நத்தையின் உடலில் வளர்ந்து, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து அது உள்ளே புகும். நாணல் அடர்ந்த தேங்கிய கரையில் அச்சம் மிகுதி. பிராசிகுவாண்டல் என்னும் மருந்து அதனைத் தீர்க்கும். ஆயினும் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். அவ்வேரியில் ஏறத்தாழ 250 மீட்டருக்குக் கீழே உயிர்வளியே இல்லை. அங்கு மீனும் இல்லை. மீன்களெல்லாம் வாழ்வது மேலடுக்கில்தான்.

நம் நீர் எங்கே போகிறது?

இவ்வளவும் சொன்ன நண்பர், ஒரு மாலை ஈஜிபுராவின் ராஜகால்வாய் ஓரம் நடக்கையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “இந்த நீர் எங்கே போகிறது?” எனக்கு விடை தெரியவில்லை. மலாவி ஏரியின் ஆழத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய எனக்கு, என் தெருவின் சாக்கடை போகும் திசை தெரியவில்லை!

தேடி அறிந்தேன். கோரமங்கலப் பள்ளத்தாக்கின் நீர் பெல்லந்தூர் ஏரிக்குச் செல்கிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அதன்பின் தட்சிண பினாகினி. அந்த ஆற்றுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? தென்பெண்ணை! ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதாகச் செய்தித்தாளில் படித்து நாம் வருந்துகிறோமே, அந்நுரையில் ஈஜிபுராவில் நாம் துணி துவைத்த நீருக்கும் பங்கு உண்டு.

பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியது. பின்னர் தூர் வாரும் பணி தொடங்கப்பட்டது. தமிழர் நிறைந்த அல்சூரின் ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிட்டால் மீனுக்கு மூச்சில்லை. மலாவியில் 250 மீட்டருக்குக் கீழே இயற்கை வைத்த மூச்சற்ற உலகை, நாம் ஆளுயர நீரிலேயே உண்டாக்கிவிட்டோம்.

மாணவ நண்பர்களே! நான் இன்னும் மலாவி ஏரியைக் கண்டதில்லை. காண்பேனோ, மாட்டேனோ, அறியேன். அங்கே போனால்தான் பயன் என்பதும் இல்லை. நண்பர் படிப்பு முடிந்து ஊர் திரும்பியபோது, “எங்கள் ஏரி காத்திருக்கும். நீங்கள் நீந்தக் கற்றுவிட்டீர்கள், உங்கள் சங்கத்தில் மற்றவர்கள்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கேள்வியைத்தான் இக்கட்டுரையாக உங்கள் முன் வைக்கிறேன்.

ஆண்டுதோறும் நம் சங்கம் சுற்றுலா செல்கிறது. அருவியும் ஆறும் இல்லாத சுற்றுலா நமக்குச் சுவைப்பதில்லை. பெயர்ப் படிவத்தில் பெயர், துறை, சைவமா அசைவமா என்றெல்லாம் கேட்கிறோம். அதற்குக் கீழே, “நீந்தத் தெரியுமா?” என்று இனி ஒரு வரி சேர்ப்போம். தெரியாது என்று எழுதுவதில் வெட்கமில்லை. நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் அதையே எழுதியிருப்பேன். அவ்வாறு எழுதியவர்கள் அடுத்த படிவம் வருவதற்குள் கற்றுக்கொள்ள, தெரிந்தவர்கள் துணை நிற்போம். சுற்றுலாப் பேருந்தில் சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு நீண்ட கயிறும் இருக்கட்டும். எல்லா ஆற்றங்கரையிலும் துடுப்பு நீட்ட ஒரு பெரியவர் இருக்கமாட்டார்.