சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தம் ஏன் குறைகிறது?

சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடம் “இரத்தம் குறைவாக இருக்கிறது” என்று நாங்கள் கூறும்போது, சரியாகச் சாப்பிடாததே காரணம் என்று குடும்பத்தினர் பலர் எண்ணிவிடுகின்றனர். உடனே பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் சாறு, முருங்கைக்கீரை சூப் எனக் கொடுக்கத் தொடங்குகின்றனர். அக்கறையோடு செய்யப்படும் இச்செயல் சில வேளைகளில் ஆபத்தாக முடியக்கூடும். எனவே, இந்த இரத்தசோகை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்திருத்தல் நலம்.

சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன்

கழிவை வெளியேற்றுவது மட்டுமே சிறுநீரகத்தின் பணியன்று. எரித்ரோபொய்டின் என்னும் ஹார்மோனின் பெரும்பகுதியைச் சுரப்பதும் அதுவே. இந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையை அடைந்து, சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டுகிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். அழிபவற்றுக்கு ஈடாகப் புதியவை உருவாகிக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபடும்போது ஹார்மோன் குறைகிறது. சிவப்பணு உற்பத்தியும் குறைகிறது. இருக்கும் அணுக்களின் ஆயுளும் குறுகுகிறது. டயாலிசிஸின்போது ஒவ்வொரு முறையும் சிறிதளவு இரத்தம் வீணாவதும் உண்டு.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அதனை இரத்தசோகை என்கிறோம். அயர்ச்சி, படியேறும்போது மூச்சிரைப்பு, படபடப்பு, தலைசுற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

கீரையும் பழமும் போதுமா?

போதா. தூண்டும் ஹார்மோன் இல்லாதபோது, உணவில் எவ்வளவு சத்து இருப்பினும் மஜ்ஜையால் போதிய சிவப்பணுக்களை உருவாக்க இயலாது. மேலும், மேற்கூறிய பழங்களிலும் கீரையிலும் பொட்டாசியம் மிகுதி. நோய் முற்றிய நிலையில் சிறுநீரகத்தால் அதனை முழுமையாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி, உயிருக்கே ஆபத்து நேரலாம். எதை, எவ்வளவு உண்ணலாம் என்பதை இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உணவியல் நிபுணர் கூறுவார், அதனையே பின்பற்றுங்கள்.

சிகிச்சை முறை

முதலில் உடலின் இரும்புச்சத்து இருப்பைப் பரிசோதிக்கிறோம். குறைவாக இருந்தால் மாத்திரையாகவோ, நரம்பு வழியாகவோ இரும்புச்சத்து தருகிறோம். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்ள வேண்டாம். அதன்பின் தேவைப்படுவோருக்கு எரித்ரோபொய்டின் ஊசி போடப்படுகிறது. 1980களின் பிற்பகுதியில் இந்த ஊசி வருவதற்கு முன், டயாலிசிஸ் நோயாளிகள் பலர் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ள நேர்ந்தது.

ஊசியின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். ‘அதிகம் போட்டால் விரைவில் குணமாகும்’ என்பதும் தவறு. ஹீமோகுளோபினை 13 கிராமுக்கு மேல் உயர்த்தினால் பக்கவாதமும் இரத்தக்குழாய் அடைப்பும் வரும் வாய்ப்பு கூடுகிறது. இந்த ஊசியால் இரத்த அழுத்தம் உயரலாம். ஆதலால் அதனைத் தவறாமல் அளந்து குறித்து வையுங்கள். மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைக்கலாகாது; குலுக்கவும் கூடாது.

இரத்தம் ஏற்றினால் என்ன?

அவசர நிலையில் அது உயிர்காக்கும். ஆனால், அடிக்கடி ஏற்றினால் பிறருடைய திசுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உடலில் உருவாகலாம். பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது அதனால் கடினமாகும். ஆகவேதான் இயன்றவரை தவிர்க்கிறோம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை

நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், தார்போன்ற கருநிற மலம், திடீர்த் தசைத்தளர்ச்சி, கடும் தலைவலி. இவற்றில் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவரைக் கேளாமல் வலிநிவாரணி மாத்திரைகளையோ, இரத்தம் ஊறச் செய்யும் என்று விற்கப்படும் லேகியங்களையோ கொடுக்காதீர்கள். எஞ்சியுள்ள சிறுநீரகத் திறனைக் காப்பதும் இரத்தத்தைக் காப்பதேயாகும்.