விளையாட்டு வினையாவது யாருக்கு?

கைத்தொலைபேசி விளையாட்டுக்களில் இளைஞர் மூழ்கிக் கிடக்கின்றனர் என்னும் முறையீடு இன்று ஆசிரியர் கூடுமிடமெங்கும் கேட்கின்றது. முறையிடுவோர் பலரும் கருவியையே பழிக்கின்றனர். ஆயின், ஒரே விளையாட்டை ஆடும் ஒரு வகுப்பு மாணாக்கருள் ஒருவரோ இருவரோ மட்டும் அதற்கு அடிமையாவது ஏன்? ஆராயத்தக்க வினா இதுவே.

முதற்கண் நோய் இன்னதெனத் தெளிதல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டில் ஏற்று, 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப்பட்டியலில் இதற்கும் இடமுண்டு. அது கூறும் இலக்கணம் மூன்று: ஆட்டத்தை அடக்கியாளும் ஆற்றலின்மை, பிற கடமைகளினும் இன்பங்களினும் ஆட்டத்தையே முதன்மையாகக் கொள்ளல், கேடு விளைந்த பின்னரும் விடாது தொடர்தல். இவை பெரும்பாலும் ஓராண்டளவேனும் நீடித்து வாழ்வைக் குலைத்தல் வேண்டும். ஆகவே, விடுமுறை நாளில் நெடுநேரம் ஆடிவிட்டுத் தாய் அழைத்ததும் எழுந்து வருபவன் நோயாளியல்லன். மணிக்கணக்கு மட்டும் அளவுகோலாகாது.

இனி, இடருக்கு ஆளாவோர் யாவர்? சிங்கப்பூரில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரை ஈராண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. மிகுநேரம் ஆடுவோர், முன்பின் எண்ணாது செயலில் இறங்குவோர், பிறரோடு பழகுந்திறன் குன்றியோர் ஆகியோரே எளிதில் அகப்படுவர் என்பது அதன் முடிபு. அகப்பட்டோரிடம் மனச்சோர்வும் அச்சமும் மிகுந்தன, கல்வி தாழ்ந்தது. மீண்டோரிடம் அத்துன்பங்கள் குறைந்தன.

இம்முடிபின் உண்மையை யான் ஒரு மாணாக்கனிடம் கண்டேன். முதற் பாடவேளையிலேயே உறங்கிவிடுவான். தனியே அழைத்துக் காரணம் வினவினேன். “இரவிலே விளையாடும்போது எல்லாரும் என்னைத் தலைவன் என்கிறார்கள், ஐயா. இங்கே என்னோடு பேச யார் இருக்கிறார்கள்?” என்றான். அவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர் நாமல்லவா?

தனிமையால் நுழைந்தவனைப் பிணித்து வைப்பது சூதின் சுவை. பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப்பெட்டிகள் பல விளையாட்டுக்களில் உள; உள்ளிருப்பது யாதென முன்னர் அறியவொண்ணாது. இத்தகையன சிலவற்றைப் பெல்ஜிய நாடு 2018இல் சூதாட்டமென்றே தீர்மானித்தது. சூதில் பெறும் வெற்றியும் மீன் விழுங்கிய தூண்டில் போன்றதெனக் கண்டவர் வள்ளுவர். பொருட்பாலில் நட்பியல் என ஓரியல் வகுப்போர், நட்பையும் சூதையும் அவ்வோரியலுள்ளேயே அடக்குவர். நல்ல நட்பு வாயாதவனைத் தீய நட்புப் பற்றிக்கொள்ளும் என்பதை இவ்வைப்புமுறை எமக்கு நினைவூட்டுகின்றது.

சட்டத்தால் தடுக்கலாகாதா எனச் சிலர் வினவுவர். பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு தொடக்கம் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டு ஆடலாகாதெனத் தென்கொரியா 2011இல் தடைவிதித்தது. பத்தாண்டுகளின் பின்னர், 2022இன் தொடக்கத்தில், அத்தடையைத் தானே நீக்கியது. வேலி மட்டும் பயிரை வளர்க்காது.

மேற்கூறிய மாணாக்கனுக்குக் கல்லூரி நாடகத்தில் ஒரு வேடம் கொடுத்தோம். ஆட்டப்பற்று ஒருநாளில் அகலவில்லை. எனினும் ஒத்திகைக்கு அவன் ஒருநாளும் தவறவில்லை. வகுப்பிலே உறங்குதலும் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆசிரியப் பெருமக்களே! கருவியைப் பறிப்பதன் முன்னர், அதனை ஏந்திய கைக்குப் பற்றுக்கோடாக வேறு யாது உண்டென நோக்குவீராக. விளையாட்டிடைவேளையில் தனித்து நிற்கும் பிள்ளை எவனென்று பாருங்கள். அவன் பெயரைச் சொல்லி அழையுங்கள்.