பரித்தமும் தாரணியும்: பௌத்தர் ஓதியது எதற்காக?

கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலில், செவ்வப்ப நாயக்கர் காலத்ததாகிய 1580ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று உண்டு. அருகிலுள்ள திருவிளந்துறையில் அன்று இருந்த புத்தர் கோயிலை அது குறிப்பிடுகின்றது. காவிரிப் படுகையில் பௌத்தம் அத்துணை நீண்டகாலம் நிலைபெற்றிருந்தது. ஆயினும் அச்சமயத்தார் எதை ஓதினர், எதற்காக ஓதினர் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்தம் மணிமாலையைக் கண்டு, நம் தஸ்பீஹும் அதுவும் ஒன்றே என்பார் சிலர். வெறும் மாந்திரீகம் என்று தள்ளுவார் வேறு சிலர். இரண்டுமே அவசர முடிவுகள்.

தொடக்கத்தில் ஓதப்பட்டவை புத்தரின் போதனைகளே. ஏட்டில் எழுதப்படுமுன் சில நூற்றாண்டுகள் அவை பிக்குகளின் நாவில்தான் காக்கப்பட்டன. மனனத்தின் அருமையை ஹாஃபிழ்களைப் பெற்ற சமுதாயத்திற்கு விளக்க வேண்டியதில்லை. அப்போதனைகளுள் சில, நோயும் அச்சமும் நேரும்போது ஓதும் 'பரித்தம்' ஆயின. பாலி மொழியில் அதற்குக் காப்பு என்பது பொருள். 'இவ்வுண்மையால் நலம் விளைக' என்னும் போக்கில் அமைந்தவை அவற்றுட் பல. இலங்கையில் 'பிரித்' என்ற பெயரில், நூலும் நீர்க்குடமும் வைத்து இன்றும் ஓதுகின்றனர்.

அவ்வாறு ஓதியும் பலன் கிட்டாவிடில்? 'மிலிந்த பஞ்ஹா' என்னும் பாலி நூலில் மன்னன் மிலிந்தன் இதையொத்த ஐயத்தை எழுப்புகின்றான். முன்வினை, மனமாசு, நம்பிக்கையின்மை ஆகிய மூன்றும் தடையாகும் என்கிறார் நாகசேனர். ஓசை தானாகவே காக்கும் என்று அவர் கூறவில்லை. ஓதிய நீரும் கயிறும் நம் இல்லங்களிலும் புழங்குவதால், இவ்விடை நமக்கும் அந்நியமன்று.

பின்னர் மகாயானத்தில் 'தாரணி' வளர்ந்தது. மனத்தில் தாங்கிக்கொள்வது என்பதே அச்சொல்லின் அடிப்படை. மணிமேகலைக் காப்பியத்திலோ வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசி நீக்கவும் மந்திரங்கள் அருளப்படுகின்றன. வஜ்ரயானம் மேலும் சென்றது. கை முத்திரை, வாய்மந்திரம், மனக்காட்சி மூன்றும் இணைந்தால் இப்பிறவியிலேயே புத்தநிலை எய்தலாம் என்றது. பல்லவ நாட்டிலிருந்து கடல்வழியே சீனம் சென்ற வஜ்ரபோதி (671-741) இந்நெறியை அங்கு பரப்பினார். சூத்திரங்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள், மந்திரங்களைப் பொருள் பெயர்க்காமல் ஒலியாகவே எழுதினர். சொல்லின் பொருளினும் ஒலி முதன்மை பெற்றது இங்கேதான்.

திக்ரு செய்பவர் அல்லாஹ்வை நினைவுகூர்கிறார். துஆ கேட்பவர் அவனிடமே கேட்கிறார். பரித்தம் ஓதும் பிக்கு உண்மையையே துணைகொள்கிறார். தாந்திரிகரோ தாமே அந்நிலையாக முயல்கிறார். நாவின் தொழில் ஒன்றாயினும் நோக்கம் மூன்று.

வஜ்ரபோதியின் மாணவர் அமோகவஜ்ரர். அவர் மாணவர் ஹுய்குவோ. அவரிடம் பயின்று 806இல் ஜப்பான் திரும்பியவர் கூக்காய். அவர் நிறுவிய ஷிங்கோன் மரபின் பெயருக்கே 'மெய்ச்சொல்' என்பதுதான் பொருள். இச்சில்சிலாவில் வஜ்ரபோதியின் பெயரை அம்மரபினர் இன்றும் போற்றி வருகின்றனர்.