கோட்டில் பால் ஏன் கட்டுகிறது?

1877-இல் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை ஊன்றினார்கள். அவற்றில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. பின்னாளில் பெருகிய தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் பால் பிடிக்கும் மங்கு, பட்டையைக் கீறும் உளி, கோட்டுப்பால் எல்லாம் ஈப்போ வட்டாரத் தமிழருக்கு இன்னும் பழகிய சொற்கள்தாம். விடிகாலையில் பட்டையில் உளி கீறிய கோட்டில் பால் வழியும். சில மணி நேரத்தில் தானாக நின்று, கோட்டின்மேல் நாடாபோல் உறைந்து கோட்டுப்பாலாகிவிடும். காற்றுப் பட்டுக் காய்ந்தது என்போம். அது பாதி உண்மை. மரம் தன் காயத்தைத் தானே அடைக்கிறது. அதற்குக் கைகொடுப்பது கிளைகோபுரதம், அதாவது சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதம். சர்க்கரை உடம்புக்கு எரிபொருள் மட்டுமல்ல, ஒன்றையொன்று இனங்கண்டு பற்றும் பிடியும்கூட என்பதற்கு இதைவிட அருகில் சான்று வேண்டியதில்லை.

பாலில் ரப்பர் துகள்களோடு லூட்டாய்டு என்னும் நுண்பைகளும் மிதக்கின்றன. வெட்டியதும் சில பைகள் உடைந்து, 43 அமினோ அமிலங்களே கொண்ட ஹெவீன் என்ற குட்டிப் புரதம் வெளியே வருகிறது. துகளின் மேற்பரப்பிலுள்ள கிளைகோபுரதத்தில் என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற சர்க்கரை ஒட்டியிருக்கிறது. ஹெவீன் அதைப் பற்றிக்கொண்டு துகளோடு துகளை இணைக்கிறது. 1994-இல் வெளியான ஆய்வில் அந்தச் சர்க்கரையை நொதியால் நறுக்கி எடுத்தார்கள். புரதம் இருந்தும் துகள்கள் சேரவில்லை. தோட்டத்து ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினாலே பால் கட்டுகிறதே, சர்க்கரை எதற்கு என்று பால்வெட்டுத் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமிலம் துகள்களை விலக்கி வைக்கும் மின்னூட்டத்தைக் குலைக்கிறது. மங்கில் கிடந்த பால் புளித்துக் கட்டியாவதும் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால்தான். கோட்டில் யாரும் அமிலம் ஊற்றுவதில்லை. முடிவு ஒன்றானாலும் வழி வேறு.

சர்க்கரை இப்படிப் பிடியாவது ஒரு மரத்தின் விநோதம் என்று ஒதுக்கவும் முடியாது. நம் ஏ, பி இரத்தப் பிரிவுகளைப் பிரிப்பது சிவப்பணு மேலுள்ள சங்கிலியின் நுனியில் ஒரே ஒரு சர்க்கரை. 1998-இல் ஈப்போவை அடுத்த கிந்தாப் பன்றிப் பண்ணைகளில் தலைகாட்டிய நிப்பா வைரஸும் ஜி என்ற கிளைகோபுரதத்தைக் கொண்டுதான் நம் உயிரணுவில் ஒட்டுகிறது. அதன்மேலுள்ள சர்க்கரைகள் எதிர்ப்பொருள்களிடமிருந்து அதை ஓரளவு மறைத்தும் விடுகின்றன. நிப்பாவுக்கு எதிரான தடுப்பூசி முயற்சிகள் பலவும் குறிவைப்பது இந்த ஜி புரதத்தைத்தான்.