விமானமோட்டிக்குச் சொல்லாத யந்திரம்

சென்ற வாரம் ஆரணியில் ஒரு நெசவாளரின் இல்லத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். அவருடைய மகன் கணிதத்திலும் பௌதிகத்திலும் தேர்ந்தவன். ஆகாய விமானம் ஓட்டக் கற்க விரும்புகிறான். வர்த்தக லைசென்சு பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவோ பல லட்சம். “வீட்டை அடமானம் வைக்கத் தயார், ஐயா. அங்கே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுப்பார்களா?” என்று கேட்டார் தகப்பனார். நியாயஸ்தலங்களில் நாம் கேட்ட குறுக்கு விசாரணைகள் பலவற்றைக் காட்டிலும் இது கூரிய கேள்வி.

ஒளித்ததுண்டு. போயிங் கம்பெனியார் தமது 737 மாக்ஸ் விமானத்தில் பெரிய எஞ்சின்களைச் சற்று முன்னே தள்ளிப் பொருத்தினர். அதனால் சில நிலைகளில் மூக்கு மேலெழும்பும் குணம் மிகுந்தது. அதைத் திருத்த, வாலிலுள்ள கிடைத்தகட்டைத் தானாகவே திருப்பி மூக்கைத் தாழ்த்தும் ‘எம்காஸ்’ என்ற ஏற்பாட்டைச் செய்தனர். காற்றின் கோணத்தை அளக்கும் தகடுகள் இரண்டிருந்தும், அந்த ஏற்பாடு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. இவ்வளவையும் செய்துவிட்டு, விமானமோட்டிகளின் கைந்நூலில் அதைப் பற்றி விளக்கம் தராமல் விட்டனர். பழைய 737 ஓட்டியவர்களுக்குக் கணினியில் படிக்கும் சிறு பாடமே போதுமென்றனர்.

2018 அக்டோபர் 28 அன்று பாலித் தீவிலிருந்து ஜகார்த்தாவுக்குச் சென்ற லயன் ஏர் விமானத்தில் இந்த யந்திரம் பிசகியது. ஓட்டிகளின் அறையில் மூன்றாமவராக இன்னொரு விமானமோட்டியும் இருந்தார். வால் தகட்டின் மின்விசையைத் துண்டித்துப் பத்திரமாக இறங்கினர். மறுநாட்காலை அதே விமானம் புறப்பட்டது. அதன் தலைமை ஓட்டி தில்லியைச் சேர்ந்த இந்தியர். யந்திரம் மூக்கைத் தாழ்த்தத் தாழ்த்த, அவர் நிமிர்த்திக் கொண்டேயிருந்தார். இப்போராட்டம் இருபது தடவைக்கு மேல் நடந்தது. தம்மை எதிர்ப்பது இன்னதென்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. 189 உயிர்கள் ஜாவாக் கடலில் மடிந்தன. 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் மேலும் 157 பேர். அங்கே ஓட்டிகள் விசையைத் துண்டித்தும், வேகம் மிகுந்திருந்தமையால் கைச்சக்கரத்தைத் திருப்ப இயலவில்லை.

காரணம் விஞ்ஞானம் மட்டுமன்று, வியாபாரமுமாகும். புதிய விமானத்துக்குப் பாவனை யந்திரப் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுவதாகச் சவுத்வெஸ்ட் கம்பெனிக்குப் போயிங் வாக்களித்திருந்ததை அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி 2020இல் வெளிப்படுத்தியது. அத்தகைய பயிற்சி வேண்டுமென 2017இல் லயன் ஏரே கேட்டபோது, வேண்டாமென்று தடுத்தவர்களும் போயிங்காரர்களே. கேட்டவனைத் தடுத்துவிட்டு, விபத்துக்குப் பின் கிழக்கு நாட்டு ஓட்டிகளின் திறமை போதாதென்று சிலர் பேசினார்களே, அந்தத் துணிச்சலை என்னென்பது!

ஆரணி நண்பரின் தறியிலும் ஜக்காடு தானாகத்தான் இழையைத் தூக்குகிறது. அட்டை பிசகினால் புட்டா கோணும்; உடனே தறியை நிறுத்தி, பழுதான அட்டையைத் தேடி எடுக்கிறார். ஜக்காடு இருப்பதே அவருக்குத் தெரியாதெனில்?

நமது நாட்டின் நிலையையும் மறைக்கலாகாது. 2019 மார்ச்சில் சர்க்கார் மாக்ஸ் விமானங்களைத் தடுத்தது. 2021 ஆகஸ்டில், பாவனை யந்திரப் பயிற்சி உள்ளிட்ட நிபந்தனைகளுடன் அனுமதித்தது. எட்டே மாதத்தில், 2022 ஏப்ரலில், ஸ்பைஸ்ஜெட் விமானமோட்டிகள் 90 பேர் இவ்விமானத்தை ஓட்டக்கூடாதென விமான இலாகா தடுக்க நேர்ந்தது. அவர்கள் பழகிய பாவனை யந்திரத்தில், ஆபத்தை அறிவிக்க அதிர வேண்டிய கைப்பிடி பழுதாயிருந்தது. கம்பெனிக்கு விதித்த அபராதம் 10 லட்ச ரூபாய். இலாகா கண்டுபிடித்ததைப் பாராட்டுகிறோம். தொகையைக் கண்டு சிரிக்கிறோம். ஒரு பையனின் படிப்புக்கே அதைவிட அதிகம் செலவாகும்.

பாவனை யந்திரங்களைச் சோதிக்கும்போதெல்லாம் முடிவை மாணாக்கரின் தகப்பன்மாரும் படித்தறியும்படி தமிழிலும் வெளியிட வேண்டுமெனச் சர்க்காரைக் கோருகிறோம். நண்பரிடம் நாம் சொன்னது இவ்வளவே: பணம் கட்டுமுன் பள்ளியின் பாவனை யந்திரத்தைப் பார்க்கக் கேளுங்கள், காட்ட மறுத்தால், அடமானப் பத்திரத்தில் கையெழுத்திடாமல் ஆரணிக்குத் திரும்பிவிடுங்கள்.